பாம்புக்குத் தண்ணீர் காட்டுபவர்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
இந்த நீரைக் குடிப்பவர்கள் எத்தனை பேர்?
பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தார்
ஓல்ட்ரிஹ் குபாலா.
கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில்:
பாம்பு ஒன்று.

ஆஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
என் ஜன்னல் விளிம்பில் எடுத்து எடுத்து வைத்தார்
ஐந்து ஊறுகாய்ப் புட்டிகள்.
மூடிகளில் இன்னும் சதகுப்பை வாசம்.
இவற்றை வாங்கக் கூடாது, விதி.
எங்கள் புட்டிகளைக் கொடுத்தனுப்பினேன்.
மறுநாள் ஏழு மணிக்கே வந்து நின்றார்,
ஐந்தையும் மார்போடு அணைத்தபடி.

"இது விடிகாலைக் குழாய், முதல் பிடி.
இது ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தது, குளோரின் போகட்டும் என்று.
இது காய்ச்சி ஆற்றியது.
இது பால்கனிப் பனி, உருக்கினேன்."
சாம்பல் நிறமாய் இருந்தது அது.
சுரங்கங்களை மூடிவிட்டார்கள்,
பனிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
ஐந்தாவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
உள்ளே மெல்ல ஏறிக்கொண்டிருந்தன குமிழிகள்.
"சோடாவா?"
"அவள் பெயர் புப்ளினா" என்றார்,
அதுவே விளக்கம் என்பதுபோல்.
எங்கள் மொழியில் புப்ளினா என்றால் குமிழி.

சோளப்பாம்பு. ஆரஞ்சு நிறம். நான்கு வயது.
ஒன்பது நாளாகக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாளாம்,
குனிவதில்லையாம்.
"தண்ணீரில் ஏதோ இருக்கிறது.
அவள் சும்மா முகம் திருப்புகிறவள் இல்லை."

இருந்தது. ஈயம்.
விடிகாலைப் புட்டியில் வரம்பைப்போல் மூன்று மடங்கு.
திறந்து வைத்ததிலும் அதேதான்:
குளோரின் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டது,
ஈயம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.
காய்ச்சியதில் கொஞ்சம் கூடவே.
நீர் ஆவியாகும், அது ஆகாது.

தொலைபேசியில் சொன்னேன்.
"அவளுக்கு ஆபத்தா?"
"உங்களுக்கும்தான்."
"நான் தண்ணீர் குடிப்பதில்லை, அம்மணி."
அவர் போடும் தண்ணி வேறு என்பது
காலை எட்டரைக்கே குரலில் தெரிந்தது.
"காபி?"
"காபி காபிதானே."
"சூப்?"
பதில் வரவில்லை.
அவர் தெருமுனையில் ஒரு டிராம் திரும்பும் கிரீச்சொலி
என் காதுக்குள் வந்து போயிற்று.
"முப்பத்தோரு வருஷம்" என்றார் பிறகு.
சுவருக்குள் ஒளிந்திருந்த ஒரு குழாய்
முப்பத்தோரு வருஷமாய் அவருக்குத்
தண்ணி காட்டியிருக்கிறது.

புப்ளினாவுக்கு ஒன்றும் தெரியாது.
யாரையும் காப்பாற்ற நினைத்தவளில்லை அவள்.
சட்டை உரிக்கிற நாட்கள் அவை,
கண்ணில் பால் படிந்து உலகம் மங்கியிருந்தது,
அவ்வளவுதான்.
உரித்த கையோடு
அதே கிண்ணத்தில் அதே நீரைக் குடித்தாளாம்,
அவர் ஓடிவந்து பிடுங்கும்வரை.

மார்ச்சில் மூன்றாம் மாடிவரை குழாய் மாற்றினார்கள்.
அவர் நான்காவது.
அதுவரை இரண்டு நிமிடம் திறந்து விடுங்கள்,
விரலுக்குக் குளிர் மாறும்வரை,
பிறகு பிடியுங்கள் என்றேன்.
அவர் அப்படியே பிடிக்கிறார், ஒரு ராத்திரி ஆற வைக்கிறார்,
கனத்த கிண்ணத்தில் அரைவாசி ஊற்றுகிறார்.
படம் காட்டினார் ஒருநாள்:
தாடை நீரில் பட்டும் படாமலும்.
நாக்கால் நக்கவில்லை, உறிஞ்சும் சத்தமில்லை.
"கழுத்துக்குள் மட்டும் ஒரு துடிப்பு போகும்,
படத்தில் விழாது" என்றார்.

ஏப்ரலில் இரண்டாவது பரிசோதனை.
புதுப் படிவம்.
ஏழாவது கட்டத்தில் பூஜ்ஜியம்,
வெளியே பாம்பு ஒன்று.
பென்சில் முனையால் கட்டத்தைத் தட்டிக் காட்டினேன்.
"காபியையும் சேர்க்கணுமா?"
"சேர்க்கணும்."
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
பூஜ்ஜியத்தின் நடுவில் செங்குத்தாய் ஒரு கோடு இழுத்தார்.
அடித்தாரா, ஒன்று போட்டாரா,
கேட்கவில்லை.
ஒன்று என்றே பதிந்துகொண்டேன்.