பதினோரு திருகுகள்

தட்டில் பதினொன்று இருந்தன.
பூட்டும்போது எண்ணினேன், பதினொன்றும் உள்ளே போயின.
கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்,
என் எண்ணிக்கை தப்பாது என்று
காற்று மோதும் ஜன்னலிடம் சொல்லிவிட்டுப்
பொத்தானை அழுத்தினேன்.

விசிறி புதிது. நினைவகம் புதிது.
கம்பெனியின் சின்னம் வெள்ளையாய் எழுந்தது,
ஒரு மூச்சு நேரம் நின்றது,
அணைந்தது.

ஹானுஸ் வாய் திறக்கவில்லை.
சொல்லவேண்டியதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டான்:
"வேறொன்று வாங்கித் தொலையேன், ரன்வா."
இதற்கு மூச்சிரைப்புதான், சாகவில்லை என்றேன் நான்.
அது பணத்தைப் பற்றிய பேச்சு அல்ல என்பது
இருவருக்கும் தெரியும்.
அதன்பின் மூன்று நாள்
உப்பு, கதவு, படகு நேரம், இவ்வளவுதான் பேசினோம்.

இன்று மாலை மட்டும், நான் அடிமூடியைக் கழற்றும் முன்னே,
எஞ்சின் அறை விளக்கைக் கொண்டுவந்து
மேசையில் வைத்தான்.
குட்டையான, கனத்த விளக்கு.
வேலை முடிந்து நிமிர்த்தியதும்
மடிக்கணினியின் இடது ஓரத்தில்,
மணிக்கட்டு படியும் இடத்தில், நானே அதை நிறுத்தினேன்.
விசைகள் பளிச்சென்று தெரிந்தன.

திரை தெரியவில்லை.

கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன்.
பின்னொளி மட்டும் செத்திருந்தால்
படம் நிழலாய்க் கிடக்குமாம்.
நிழலும் இல்லை.
தொலைக்காட்சியில் செருகினேன்:
பிப்ரவரி மாத சால்மன் தீவன ரசீதுகள்
சுவர் அகலத்துக்கு, சாவகாசமாய், வந்து நின்றன.
ஆக, மூளை இருக்கிறது.
முகம்தான் போய்விட்டது.

மறுபடி பதினொன்று.
கீலுக்குள் நுழையும் தட்டை நாடாவைப் பிடுங்கி,
ஊதி, அழுத்திச் செருகினேன்.
நிமிர்த்தினேன். விளக்கை அதன் இடத்தில் வைத்தேன்.
சின்னம். மூச்சு. இருட்டு.
பழைய நினைவகத்தைத் திரும்பப் போட்டேன். இருட்டு.
பேட்டரியை விலக்கி, பொத்தானை அழுத்தியபடி
அறுபது எண்ணினேன்.
அறுபத்தொன்றிலும் இருட்டு.

நள்ளிரவு தாண்டி, இறைச்சி காயும் கொட்டகையின் கதவு
பிய்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கியது.
ஹானுஸ் எழுந்தான், விளக்கை எடுத்தான், போனான்.
நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
கிளாக்ஸ்விக்கில் ஒரு கணினியையும் ஒரு கணவனையும்
என்ன செய்வதென்று தெரியாத ஒருத்தியாய்.

அப்போது
யாரும் தொடாமல்
திரை விழித்தது.
கடவுச்சொல் கேட்டது.
என் கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு இழையும் நீலமாயிற்று.

கத்தினேன். ஈர பூட்ஸோடு ஓடிவந்தான்.
"என்ன செய்தாய்?"
"ஒன்றுமே செய்யவில்லை."
குனிந்து பார்க்க வந்தவன்
விளக்கை அதன் இடத்தில் வைத்தான்.
இருட்டு.

ஒருவரையொருவர் பார்த்தோம்.
எடுத்தான். வெளிச்சம்.
வைத்தான். இருட்டு.
நான்காம் முறை அவனுக்குத் தோள் குலுங்கியது;
இருபது வருட மெக்கானிக்.
எஞ்சினின் விலாவில் ஒட்டி நிற்க
விளக்கின் அடியில் காந்தம் வைத்திருப்பார்கள்.
கணினியின் மூடியிலும் ஒரு பொட்டுக் காந்தம் உண்டு;
அது கிட்டே வந்தால், சாத்திவிட்டார்கள் என்று
இது கண்ணை மூடிக்கொள்ளும்.
முழுக்கத் திறந்து கிடந்துகொண்டு
இரவெல்லாம்
மூடியிருப்பதாகவே நம்பியிருக்கிறது, அசடு.

விளக்கைத் தலைகீழாய்த் திருப்பிக் காட்டினான்.
அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது
பன்னிரண்டாவது திருகு.

நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை, அது பெரிய விஷயம்.
விளக்கைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு
எதிர் நாற்காலியை இழுத்தான்.
"அந்தச் செவ்வாய்க்கிழமை..." என்றான்.

"பொறு," என்றேன்,
"இதைச் சேமித்துவிடுகிறேன்."