பதிலி

அப்பாவுக்கு மில்லில் வேலை என்று
பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன்.
முழுப் பொய்யில்லை.
விடிகாலைச் சங்குக்கு முன்னால்
கேட்டில் போய் நிற்பது அவர் வேலை.
உள்ளே யாராவது வராவிட்டால்
மேஸ்திரி விரலை நீட்டுவார்.
நீட்டாத நாளில்
ஓட்டேரிப் பக்கம் சும்மா நடந்துவிட்டு
பத்து மணிக்கு வருவார்,
குடும்பத்தைத் தெரு பார்க்காத மாதிரி.

மழைக்காலம் எங்களுக்கு நல்ல காலம்.
காய்ச்சல் வரும், பேதி வரும்,
அடுத்தவருக்கு.
கூழ் ஊற்றிய ஞாயிறுக்கு மறுநாள்
கட்டாயம் நாலு பேர் எழுந்திருக்க மாட்டார்கள்.
அம்மா ஆத்தாளிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று
நான் கேட்டதில்லை.

மாசிலாமணி, நெசவுப் பிரிவு, நிரந்தரம்.
அவர் இருமலில்தான் நாங்கள் நோட்டு வாங்கினோம்.
அக்காவின் காதுகுத்து
அவருடைய மூல ஆபரேஷன்.
அவர் செத்தபோது
மாலையோடு முதலில் போய் நின்றவர் அப்பா.
அழுதார். நடிப்பில்லை.
அந்த இடத்தில் நிரந்தரமானார்,
பத்தொன்பது நாள்.
பிறகு கதவடைப்பு.

கேட்டை இப்போது கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.
உள்ளே ஆறு டவர், ஒரு நீச்சல் குளம்.
ஒடிசாக்கார செக்யூரிட்டி
என் பெயரை அவன் எழுத்தில் எழுதிக்கொள்கிறான்.
என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது,
துளுக்காணம் மகன் என்று இருக்காது.
வேப்பமரத்தடியில் ஏழெட்டு பைக்.
எல்லோரும் போனைப் பார்த்தபடி நிற்கிறோம்.
மேஸ்திரிக்கு விரல் இருந்தது.

மழை பெய்தால் ஆர்டருக்கு இருபது ரூபாய் கூடுதல்.
வானத்தைப் பார்ப்பேன்,
அம்மா ஞாபகம் வரும்,
பார்ப்பதை நிறுத்த மாட்டேன்.

போன செவ்வாய் சாயங்கால ஸ்லாட் எல்லாம் நிரம்பிவிட்டது.
தூறல் ஆரம்பித்த நேரம்
திடீரென்று ஒன்று காலி.
யோசிக்கவில்லை, அழுத்தினேன்.

எட்டரைக்கு குரூப்பில் ஒரு படம்.
கணேசபுரம் சுரங்கப்பாதை,
தண்ணீரில் பாதி பைக்,
மிதக்கும் சிவப்புப் பை.
கீழே, ஸ்டான்லியில் ஓ பாசிட்டிவ் அவசரம்,
இருப்பவர்கள் வாருங்கள் தோழர்களே.
பெயர் போடவில்லை.

என் குரூப் அதுதான்.
ஸ்லாட் முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.

சர்வீஸ் லிஃப்டில்
பதினாலை அழுத்தினேன்.
பிரியாணி
சூடாகத்தான் இருந்தது.