பதினொரு மணி

தை பிறந்து ஒன்பதாம் நாள்
உறைபனி விழுந்த படிக்கட்டில் கால் வழுக்கி
கணுக்காலுக்கு மேலே முறிந்தது எலும்பு.
நுவரெலியா ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கட்டுப் போட்டு
எட்டுக் கிழமை மலைக்குப் போகக்கூடாது என்றார்கள்.

இருபத்திரண்டு வருஷமாய் இந்த லயம்.
காலை ஐந்தரைக்கு இந்தக் கொல்லையைத் தெரியும்,
இருட்டில், பல் விளக்கும்போது.
மாலை ஐந்தரைக்கும் தெரியும்,
விறகு அடுக்கும்போது.
ஞாயிறு முழுக்கப் பீலியடியில், துணியோடு.
பதினொரு மணிக்கு என் கொல்லை எப்படி இருக்கும் என்று
நான் பார்த்ததே இல்லை.

பதினொரு மணிக்கு
வெயில் கோழிக்கூட்டுத் தகரத்தில் ஏறி
அங்கிருந்து கோவாப் பாத்திக்கு இறங்குகிறது.
கானோரம் ஒரு வாலாட்டிக் குருவி,
மஞ்சள் வயிறு,
எதையோ எடுக்க வந்து
எதை என்று மறந்த மாதிரி
நின்று நின்று நடக்கிறது.

ரொஷாந்தனின் பழைய கணக்குக் கொப்பியில்
கடைசிப் பக்கங்கள் வெறுமையாய்க் கிடந்தன.
செக்ரோல் மாதிரிக் கோடு போட்டேன்.
வாலாட்டி: முழுப்பேர்.
கீரி: அரைப்பேர், பகலுக்கு மேல் ஆளில்லை.
குக்குறுவான் சத்தம் மட்டும்.
சத்தத்துக்குப் பேர் போடலாமா?
போட்டேன்.
பேரி மரத்தில் வந்து உட்காரும் சின்னக் குருவிக்கு
என்ன பெயரென்று அங்கம்மாளுக்கும் தெரியவில்லை.
நெஞ்சு செங்கல் நிறம்.
செங்கல்நெஞ்சான் என்றே எழுதினேன்.
ஒருநாள்கூடத் தவறாத ஆள்.

மாசியில் பேரி மரம்
இலை ஒன்றில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல்
பூத்துவிட்டது.
அதுவும் என் காலும் ஒரே வெள்ளை.
குடைக்கம்பியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டே
தேனீ வந்த நேரத்தைக் குறித்தேன்.
ஒன்பதே கால்.
பனி காய்ந்த பிறகுதான் வேலைக்கு இறங்குகின்றன.
அவற்றைப் பிரட்டுக்களத்தில்
யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

பன்றி வந்த இரவில்
கிழங்குப் பாத்தி முழுதும் போனது.
அதற்கும் ஒரு கோடு.
அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை.
கவ்வாத்து வெட்டி மொட்டையாய் நின்ற தூர் ஒன்றில்
சிவப்பாய் ஏதோ, அரிசி அளவில்.
நாலாம் நாள் இரண்டு இலை.
கொழுந்து பறித்திருக்கிறேன், கூடை கூடையாய், இத்தனை வருஷம்.
அது வருவதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பால் எடுக்க வரும் குணபால
கீழே வலப்பனையில் கொஹா கூவிவிட்டது என்றார்.
குயில் என்றேன் நான்.
ஏதோ ஒன்று,
எங்கள் உயரத்துக்கு அது ஏறி வருவதில்லை,
லொறியில் செய்திதான் வருகிறது.
அன்றைய பக்கத்தில் அதையும் எழுதி
"கேள்வி" என்று பக்கத்தில் போட்டுவைத்தேன்.

எட்டு என்றது பத்துக் கிழமை ஆனது.
செங்கல்நெஞ்சான் போய்விட்டது என்பது
மூன்று நாள் கழித்தே உறைத்தது.
வருகிறவர்களைத்தான் உடனே தெரிகிறது.
கொப்பியில் மூன்று கட்டம் காலி.
அதே கிழமையில் வாலாட்டியும் இல்லை,
கான் மட்டும் ஓடுகிறது.

கட்டை வெட்டி எடுத்தார்கள்.
உள்ளே இருந்தது என் கால்தானா என்று
தொட்டுப் பார்த்தேன்.
முருங்கைக்காய் மாதிரி, வெளுத்து.

நாளைக்கு மலை.
அங்கம்மாள் கூடையைத் தட்டிக் காயவைத்துத் தந்திருக்கிறாள்.
ரொஷாந்தன் பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டாகும்.
பதினொரு மணிக்கு இங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

படுக்கும் முன் கொப்பியை எடுத்து
நாளைய தேதிக்கு, பார்க்காமலே,
எல்லாருக்கும் முழுப்பேர் போட்டேன்.
செங்கல்நெஞ்சானுக்கும்.
கணக்கப்பிள்ளை இப்படிச் செய்தால்
அதற்கு நாங்கள் வேறு பெயர் சொல்வோம்.