எள்வயலில் ஓர் ஆறு

மாசிப் பட்டத்து எள், பங்குனிக் கடைசியில் பூத்திருக்கிறது.
குடமுருட்டிக் கரையில் தையல்நாயகிக்கு மூன்று மா.
இலையைக் காம்புவரை தின்றுவிட்ட புழுவை
அவர் கொம்பன் என்கிறார்,
வாலில் கொம்பிருப்பதால்.
படிவத்தில் நான் எழுத வேண்டியது
அக்கெரோன்டியா ஸ்டிக்ஸ்.

"என்னது?"
மறுபடி சொன்னேன்.
"இசுடிக்கிசா?"

ஒற்றில் தொடங்க ஒப்பாத நாக்கு
முன்னால் ஓர் இகரத்தைப் படகாக விட்டு
ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது
கிரேக்கத்து நதியை
இந்தக் கரைக்கு.

நதிதான் அது. செத்தவர்கள் கடப்பது.
முதல் பெயரும் நதி, அதில் துயரம் ஓடும்.
அந்துப்பூச்சியானதும் முதுகில் மண்டையோடு தெரியுமே,
அதற்காக ஒரு பூச்சிக்கு இரண்டு ஆறு.
புளூட்டோவைச் சுற்றும் ஒரு நிலாவுக்கும்
இதே பெயர் போயிருக்கிறது.
தேவர்கள் அவள்மேல் ஆணையிடுவார்கள்,
பொய்த்தவன் ஓராண்டு மூச்சில்லாமல் கிடப்பான்.

இவ்வளவையும் ஏன் சொன்னேனோ.
மருந்தடிக்கணுமா என்றுதான் கேட்டிருந்தார்.

கையால் பொறுக்கினால் போதும் என்றேன்.
பொறுக்கினோம்.
மூன்றாவது வரிசையில்,
"பேருக்கு அர்த்தம்?"
வெறுப்பு.
நிமிர்ந்தார்.
"எள்ளுறதுன்னாலும் கிட்டத்தட்ட அதானே,
பள்ளிக்கூடத்துல படிச்சது."

நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன்.
இரண்டு வருடம் அகராதி புரட்டியவளுக்கு
இது தோன்றியதில்லை.

"கொழுந்தனார் அமாவாசைக்கு
இதுலதான் ஒரு பிடி எடுத்துட்டுப் போவாரு.
எங்க வீட்டுக்காரருக்கு.
எள்ளு இருக்கு, தண்ணிதான் இல்ல.
போர்த்தண்ணிய டப்பாவுல புடிச்சிக்கிட்டு
மணல்ல உக்காந்து விடுவாரு."

கொஞ்சம் பொறுத்து,
எந்த ஆற்றைப் பற்றியும் இங்கே முதலில் கேட்கிற கேள்வியை
அதைப் பற்றியும் கேட்டார்:

"அங்க இப்ப தண்ணி வருதா?"

தெரியாது என்றேன்.
அணையில்லாத ஆறாக இருக்கும் என்று
அவரே சொல்லிக்கொண்டார்.

'உள்ளூர்ப் பெயர்' கட்டத்தில்
கொம்பன் என்று எழுதினேன்.
பக்கத்தில் இடமிருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

பொழுது சாய, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு
ஆற்றுக்குள் இறங்கினேன்.
பாலம் சுற்று, இப்படிக் குறுக்கே போனால் கால்மணி நேரம் மிச்சம்.
ஓடக்காரன் இல்லை, அவனுக்கு வைக்க நாவில் காசு இல்லை,
மணலில் யாரோ போட்ட வாழை இலை,
காய்ந்த எள், ஒரு காக்கை.
பையில், துளையிட்ட டிபன் டப்பாவுக்குள்
மாதிரிக்கு எடுத்த ஒன்று
இலையைக் கடித்துக்கொண்டே வந்தது.