எழுபத்தொன்பது

ஜுபைல், ஆகஸ்ட். பாதரசம் இன்று எழுநூற்று நாற்பத்தாறு;
கோடையில் இங்கே காற்றும் கொஞ்சம் இளைத்துப்போகிறது.
கண்ணாடி அறைக்குள் நைட்ரஜனைத் திறந்துவிட்டு
கடலோரத்தில் ஒரு மலை செய்கிறோம்,
ஏறாமலே மூச்சு வாங்கும் மலை.

நாற்காலியில் சதக்கத்துல்லா.
எண்ணெய்த் தொட்டி கழுவுகிறவர்.
இன்றைக்கு முந்நூறு ரியால், ஒரு பிரியாணிப் பொட்டலம்.
மணிக்கட்டின் இரு நாடிகளையும் அழுத்தி
உள்ளங்கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விட்டேன்;
சிவப்பு திரும்பி வந்தது. பிறகுதான் ஊசி.
மூக்கில் இன்னொரு குழாய்,
விடும் மூச்சின் கடைசி மிடறைப் பிடிக்க.
நான் முகமூடிக்குள் வேறு காற்றைக் குடிக்கிறேன்.

சாதாரணக் காற்றில்
மூச்சு சொன்னது தொண்ணூற்றொன்பது, ரத்தம் தொண்ணூறு.
இடையில் ஒன்பது:
நுரையீரல் பிடித்துக்கொள்ளும் கமிஷன்.

நைட்ரஜனைக் கூட்டினேன்.
நாற்பத்தேழு. நாற்பத்து நான்கு.
குறையக் குறைய நெருங்கி உட்கார்கின்றன,
ஒரே சீட்டு மிஞ்சிய பஸ்ஸில் ஏறிய இருவர் போல.
கரியமில வாயுவிலோ ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்.
ஃபாத்தின் மேடத்துக்கு இது போதும்.
இனி ஊசி எதற்கு, மூச்சையே நம்பலாம் என்று எழுதுவார்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்றேன்.
"தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுபத்தொம்பது...
எழுபத்தொம்பது."
சிரித்தார். நகங்கள் நாவல்பழ நிறம்.
இக்காமா நம்பர் கேட்டேன்:
பத்து இலக்கமும் தடங்கலில்லாமல் வந்தன.
எப்படி இருக்கு?
"ஜோரா இருக்கும்மா. இன்னும் கொறைங்க."
திரையில் ரத்தத்தின் செறிவும்
எழுபத்தொன்பதில்தான் நின்றது.

ஆக்ஸிஜன் ஏறி உதடு வெளுப்பு தெளிந்தபின்
சிரிஞ்சுகள் கிடந்த ஐஸ் கப்பைப் பார்த்தபடி கேட்டார்:
"பிலவேந்திரன் தொட்டிக்குள்ள போனப்ப
வாக்கிடாக்கில ரெண்டு தடவ ஓகேன்னான்.
நான் மேல நின்னேன். சிரிச்சாப்புல இருந்துச்சு கொரலு.
அவனும் இப்படித்தான்
ஜோரா இருந்திருப்பானா?"

குழாய்கள் இரண்டும் ஒத்துப்போனதை எழுதியாயிற்று.
நபர் கூறியது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
ஜோர் என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதினேன்.

ஊசி எடுத்த இடத்தில் ஐந்து நிமிடம் அழுத்தினால் போதும்.
பஞ்சுக்குக் கீழே அவர் நாடி எண்பத்தெட்டு.
பத்து நிமிடமாகியும் நான் கையை எடுக்கவில்லை.
அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.