அறை பதினான்கிலிருந்து அறை முப்பத்தொன்றுக்கு

சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருடமாகிறது அவளுக்கு.
ஒரு மழையைக்கூடப் பார்த்ததில்லை.

சாங்கி ஓடுபாதையை ஒட்டிய இந்தக் கிடங்கில்
சன்னலே கிடையாது.
இருபது டிகிரி. ஈரப்பதம் ஐம்பது.
வெளியே தார் இளகும் மதியத்தில்
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.

அவளை விற்றுவிட்டார்களாம்.
விற்றவருக்கும் வாங்கியவருக்கும்
இதே மாடியில்தான் அறை.
ஆக, பயணம் நாற்பது மீட்டர்.
அதற்குள் எதுவும் உதிர்ந்துவிடாதபடி
முன்னும் பின்னும் பார்த்து எழுதுவது என் வேலை.

ரோஸ்லி எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார்.

படிவத்தில் இருப்பது:
எண்ணெய் வண்ணம், துணியில். இத்தாலி, 1874 வாக்கில்.
கையெழுத்து தெளிவில்லை.
பொருள்: பெண்.

பெண்தான்.
மேலுதட்டில் பூனைமுடி.
இடக்கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத நீலம்.
சுட்டுவிரல் நுனியில்
பொத்தல் பொத்தலாய்க் காய்த்துப்போன தோல்.
வரைந்தவன் எதையும் மன்னிக்கவில்லை,
எதையும் கூட்டிச் சொல்லவுமில்லை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கன்னத்தில் மெல்லிய வெடிப்புகள், பழையவை. எழுதினேன்.
வலது மூலையில் ஈயின் எச்சம், இரண்டு புள்ளி,
எந்த ஊர் ஈயோ. எழுதினேன்.
நெஞ்சருகே ஒரு கீறல்.
லென்ஸை வைத்தேன்.
கீறல் இல்லை,
ஊசி.

சட்டையில் குத்திவைத்த ஊசி.
கோத்த நூல் ஒரு விரற்கடை தொங்குகிறது.
அவசரத்துக்கு என் வளையலில் ஊக்கு தொங்குவதுபோல,
கை தானாகப் போகும் இடத்தில்.
ஒற்றை இழைத் தூரிகையால்
மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டியிருக்கிறான்.

அப்படியென்றால்
தையலைப் பாதியில் விட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.
கொஞ்ச நேரம்தான் என்று சொல்லியிருப்பான்.
அவளும் நம்பியிருப்பாள்,
இல்லாவிட்டால் ஊசியை எடுத்துவைத்துவிட்டு வந்திருப்பாளே.

"சூடா?" என்றார் ரோஸ்லி.
மலாயில், முடிந்ததா என்று.
மலாயில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும்
இந்த அறையில் அதற்கு ஒரே பதில்:
இல்லை.

குறைகளுக்கான கட்டத்தில் ஊசிக்கு இடமில்லை.
ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்:
நெஞ்சருகே இருப்பது கீறல் அல்ல.
யாரும் சரிசெய்ய வேண்டாம்.

பலகையை மூடும்போது
ஏழு திருகாணிதான் அகப்பட்டது.
ரோஸ்லி தரையெல்லாம் தேடினார்,
அலுத்துக்கொண்டே டேப் ஒட்டினார்,
தள்ளுவண்டி கிளம்பியது.
எங்கள் பின்னால் விளக்குகள் தாமாக அணைந்துகொண்டே வந்தன.

தெம்பனிஸ் போகும் பேருந்தில்
எட்டாவது திருகாணி
என் ஸ்வெட்டர் பையிலிருந்து குத்தியது.