சுட்டுவிரல்

சோஹாரில் ஆகஸ்ட். பகல் பதினொன்றரை.
குழாய்க்கும் மூடிக்கும் நடுவே
போய்விட்டது நிஸ்ஸங்கவின் வலக்கைச் சுட்டுவிரல்.
அவன் கத்தவில்லை.
"மச்சாங், அதை எடு" என்றான்.
எடுத்தேன்.

மோர்ப் பெட்டியில் கிடந்த ஐஸைக்
கையுறைக்குள் அள்ளி, விரலையும் உள்ளே போட்டு
பிக்கப்பில் ஏறினேன்.
கையைத் துண்டில் சுற்றிச் சாய்ந்து கிடந்தான்.
என் மடியில் அவன் விரல்,
ஒரு நெத்தலியின் கனம்கூட இல்லை.

இரண்டு வருடமாக ஒரே அறை.
மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் அவனுக்கு.
முகமாலையில் ஒரே சித்திரையில்
மண்ணணைக்கு அப்பால் அவன், இப்பால் நான் என்பதை
ஒரு வெள்ளிக்கிழமை, பருப்பு வேகும் நேரத்தில்
விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தோம்.
நானூறு மீட்டர் என்றான்.
முந்நூற்றைம்பது என்றேன்.
அதற்கு மேல் பேசவில்லை.
பருப்பு அடிப்பிடித்தது.

மூன்றாவது ரவுண்டானாவில் கண்ணாடியை இறக்கினேன்.
மறைப்பானேன்,
எறிந்துவிடலாமென்றுதான் நினைத்தேன்.
தண்ணீர்க் கானோடு குனிந்த கதிரொளி
நிமிரவேயில்லை அன்று.
இந்த விரலாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
கையுறையைப் பிடித்திருந்த என் விரலையும்
குருநாகலில் ஒருத்தி
இப்படித்தான் தேடிக்கொண்டிருப்பாள்.
அனல் உள்ளே வந்தது. ஐஸ் உருகத் தொடங்கியது.
கண்ணாடியை ஏற்றினேன்.

ஒட்டாது என்றார் மலையாள டாக்டர்.
நசுங்கிவிட்டது, நேரமும் போய்விட்டது.
இதை என்ன செய்ய என்று தாதி கேட்டாள்.
நிஸ்ஸங்க என்னைப் பார்த்தான்.
எதற்கென்று தெரியாமலே தலையாட்டினேன்.

பிறகு ஆறு கிழமை
நான் பிசைந்து வைக்க, இடக்கையில் கரண்டி பிடித்துத் தின்றான்.
உப்புக் கூடினால் சிங்களத்தில் தூஷணம்.
குறைந்தாலும் அதுதான்.
நான் தமிழில் திருப்பிக் கொடுப்பேன்.
கட்டிட்ட கையோடு சிரிப்பான், பாவி.

வேலைக்குத் திரும்பிய காலை
வாசலில் வரவு பதியும் மெஷினுக்கு அவனைத் தெரியவில்லை.
அதனிடம் இருந்தது அந்த விரலின் ரேகை.
நடுவிரலை வைத்தான். சிவப்பு.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
புது விரல் பதிய வேண்டும் என்றார் கிளார்க்.
எதை என்று அவன் கேட்டது அவரை அல்ல,
என்னை.
சின்னவிரல் என்றேன்.
மூன்று முறை அழுத்தினான். பச்சை எரிந்தது.

அடுத்தது நான்.
என் சுட்டுவிரலை நீட்டியவன்
அப்படியே நின்றேன், எவ்வளவு நேரமோ.
பின்னாலிருந்து ஒருவன்,
"யல்லா, யல்லா."